இரண்டாம் நம்பர் ரிமோட்

கார் ரிமோட் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குப் பேட்டரிதான் கோளாறு. இரண்டு பேருக்குப் பட்டனுக்கு அடியில் கறிக்குழம்பு இறங்கியிருக்கும். மிச்சம் ஒருவர் பெண்டாட்டியின் சாவியை எடுத்துக்கொண்டு வந்து என்னோடு சண்டை போடுவார். பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் பின்னால், கடைவரிசைக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில், இருபத்தாறு வருடமாகச் சாவிக்கடை போட்டிருக்கிறேன். இந்தப் பத்துக்குள் அடங்காத கேஸ் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதற்கும் ஆறு மாத கேரண்டி கொடுத்துத் தொலைத்திருந்தேன்.

ஹூய் பிங் ஒரு புதன்கிழமை காலையில் வந்தாள். கருவாட்டுக்கடை முதலாளி சியா டெக் சூன் தவுக்கேயின் மகள். குட்டையான பெண், காரின் சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, அடியில் ஒரு தலையணையும் வைத்தால்தான் அவளுக்கு ரோடு தெரியும். பன்னிரண்டு வருடம் அப்பாவுக்குக் கார் ஓட்டினாள். அவர் இறந்த பிறகு அதே வெள்ளைக் காரில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேரை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறாள்.

"அண்ணே, இந்தக் கார் என்னை உள்ள வெச்சுப் பூட்டுது."

"பட்டன் ஒட்டிக்கிட்டிருக்கும் தங்கச்சி. குடு பாப்போம்."

"பட்டன் இல்லண்ணே. ரிமோட்டு என் பைக்குள்ள இருந்துச்சு."

"பைக்குள்ள உன் பவுடர் டப்பா அமுக்கியிருக்கும்."

"உள்ளேருந்து கைப்பிடிய இழுத்தாலும் தொறக்கல. கண்ணாடி எறங்கல. திங்கக்கெழமை ஒரு நிமிஷம். நேத்து நாலு நிமிஷம்." அவள் கையைக் கையால் தேய்த்துக்கொண்டாள். "ஏசி போடல, ஆனா குளிருது. தூக்கம் தூக்கமா வருது. ஒரு அம்மா பாத்துட்டாங்க, நான் ஸ்டியரிங்க பிடிச்சபடி கண்ண மூடி உக்காந்திருந்தேனாம். தட்டித் தட்டிப் பாத்தாங்களாம், எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"பிள்ளைங்க?"

"உள்ள இல்ல. மூணரைக்குத்தான் பள்ளி விடும், நான் மூணுக்கே போய்க் காத்திருப்பேன். மூணு பத்துக்கு இது நடக்குது. டாண்ணு மூணு பத்து." குரலைத் தாழ்த்தினாள். "அம்மாங்க எல்லாம் சேந்து சொல்லிட்டாங்கண்ணே. இந்த வாரம் வேற ஆளு ஏத்திப்பாங்களாம். திங்கக்கெழமைக்குள்ள கார் சரியாகலன்னா நானும் வேணாமாம், காரும் வேணாமாம்."

நான் சிரித்து அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது.

ரிமோட்டைத் திறந்தேன். பேட்டரி புதுசு. தகடு சுத்தம், பச்சை பிடிக்கவில்லை. கதவின் கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் ஓடுகிற ஒயர் நைந்திருந்தால் கார் இப்படித் தானாக ஆடும். அதையும் உரித்துப் பார்த்தேன், புத்தம் புதுசாக இருந்தது. கதவுக்குள் இருக்கும் பூட்டு மோட்டார் நான்கையும் தட்டிப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. எனக்குக் கால் நீளம். கேலி பேசுகிற சீனர்கள் என்னைக் கொக்கு என்பார்கள்.

ஸ்கேனரை மாட்டினேன். அது காரின் மூளையோடு பேசும் கருவி. எத்தனை ரிமோட் பதிவாகியிருக்கிறது, கடைசியாக எது பூட்டியது என்று சொல்லும். இரண்டு ரிமோட் பதிவாகியிருப்பதாகச் சொன்னது. கடைசியாகப் பூட்டியது இரண்டாம் நம்பர்.

"இன்னொரு ரிமோட் எங்க?"

"இன்னொண்ணா? எங்கிட்ட இது ஒண்ணுதாண்ணே. அப்பா வெச்சிருந்தது."

இரண்டாம் நம்பரைச் செய்தவன் நான்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் அண்ணன் கோக் லியாங் வந்து, நாற்பது நிமிஷம் பேரம் பேசி, "வேலை செய்யணும் பாஸ், டம்மி வேணாம், நல்ல பேட்டரியா போடு" என்று சொல்லி வாங்கிப் போனான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வாங்குகிறவனிடம் எதற்கு என்று கேட்பது எங்கள் தெருவில் வியாபாரத்தைக் கெடுக்கும் கேள்வி.

ஆக, யாரோ ஒருவர் கையில் இரண்டாவது ரிமோட் இருக்கிறது, குறும்பு பண்ணுகிறார். தீர்ந்தது விஷயம். பழைய பதிவு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அவள் கையில் இருந்ததை மட்டும் மறுபடி பதிந்தேன். ஸ்கேனர் இப்போது ஒன்று என்றது.

"போ. இனி எவன் அமுக்கினாலும் அவன் விரல்தான் வலிக்கும்."

மறுநாள் அவள் வரவில்லை. போன்தான் வந்தது. "சரியாயிடுச்சான்னு உள்ள உக்காந்து பாத்தேன். பதினோரு நிமிஷம்ணே" என்றாள்.

ஜெலுத்தோங்கில் அவள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். கார் வாசலில், ஜம்பு மரத்து நிழலில் நின்றது. ஸ்கேனரை மாட்டினால் இரண்டு ரிமோட் என்றது. நேற்று அழித்தது நான். என் கையால், என் கண் முன்னால் அழித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆறரைக்கே போய்ச் சேர்ந்தேன். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அலைவரிசை காட்டும் மீட்டரைக் காருக்கு மேலே வைத்துவிட்டு, ஒரு கோப்பியோடு உட்கார்ந்தேன். ஆறு நாற்பதுக்கு மீட்டர் முள் எழுந்தது. கார் திறந்தது. அந்தக் காரின் பாஷையில் திறந்தால் மஞ்சள் விளக்கு இரண்டு தடவை மின்னும், பூட்டினால் ஒரு தடவை. இரண்டு தடவை மின்னியது. யாரும் வரவில்லை. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி இரண்டு. கொஞ்சம் கழித்து மறுபடி இரண்டு. கடைசியில், அலுத்துப்போன மாதிரி, ஒன்று. பூட்டிக்கொண்டது.

ஹூய் பிங் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பிடித்திருந்த ரொட்டி அப்படியே இருந்தது.

"அப்பா கோப்பி குடிக்கப் போற நேரம்" என்றாள்.

"என்னது?"

"அப்பா யாரையும் வாயால கூப்பிட மாட்டாருண்ணே. ரிமோட்ட அவரேதான் வெச்சிருப்பாரு. கடை வாசல்ல நின்னு பட்டன அமுக்குவாரு. வெளக்கு ரெண்டு வாட்டி மின்னும். நான் எங்க இருந்தாலும் ஓடி வரணும். ஆறு நாப்பதுக்குக் கோப்பி. பதினொண்ணு இருபதுக்கு வீடு. மூணு பத்துக்குக் கிளப்புல மாஜோங் ஆட்டம்." ரொட்டியைக் கீழே வைத்தாள். "அவருக்கு ஓட்டத் தெரியாதுல்ல. லைசென்சே கெடையாது."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் வானொலி பாடியது.

நேராகக் கருவாட்டுக்கடைக்குப் போனேன். கோக் லியாங் ஒரு கிழவியிடம் இறால் கருவாட்டுக்கு விலை இறக்காமல் நின்றுகொண்டிருந்தான். கிழவி போகும்வரை காத்திருந்தேன்.

"சின்னத் தவுக்கே, எங்கிட்ட வாங்கினியே ஒரு ரிமோட்டு, அது எங்க?"

"ஏன், ரிப்பேரா? கேரண்டி இருக்குல்ல?"

"எங்கன்னு கேட்டேன்."

"அப்பாகிட்ட."

செத்தவர் கையில் எப்படி இருக்கும் என்று முறைத்தேன். அவனே பேசினான். செத்தவருக்குக் காகிதத்தில் செய்து எரிப்பது அவரிடம் போய்ச் சேரும் என்பது சீனர்கள் நம்பிக்கை.

"போன ஞாயித்துக்கெழமை நாப்பத்தொன்பதாம் நாள், காயிதக் கார் எரிச்சோம் பாஸ். காயித சாமான் செய்யற ஆ பூன் கடையில சொல்லிச் செஞ்சது. அதே கலர், அதே நம்பர் பிளேட்டு. ஆனா சாவி மட்டும் அட்டையில வெட்டி வெச்சிருந்தான். எங்கப்பாவ உனக்குத் தெரியாதா? வெள்ளிக் காச பல்லால கடிச்சுப் பாக்கறவரு. அட்டைச் சாவிய வாங்குவாரா? மூஞ்சில விட்டெறிவாரு. அதான் நெசத்தயே காருக்குள்ள வெச்சேன். 'அப்பா, கார் வருது, வாங்கிக்கங்க'ன்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டோம். நல்லா எரிஞ்சுது."

"கூட எரிக்கிற டிரைவர் பொம்மை?"

அவன் தராசுத் தட்டைத் துடைத்தான். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தான்.

"ஆ பூன் ரொம்ப ஏத்திச் சொன்னான் பாஸ். காரு தனி விலையாம், டிரைவர் தனி விலையாம். இது எந்த ஊரு நியாயம்? காரு மட்டும் குடுன்னுட்டேன்."

"அவருக்கு ஓட்டத் தெரியாதேடா."

"அங்க போய்க் கத்துப்பாருன்னு நெனச்சேன்" என்றான்.

பெயர் சொல்லி, நம்பர் சொல்லி, வேலை செய்கிற சாவியோடு ஒரு காரைக் கொடுத்தாயிற்று. கொடுத்தது காகிதமா இரும்பா என்று வாங்கியவர் பார்க்கவில்லை. அவரிடம் சாவி இருக்கிறது, கார் இருக்கிறது. டிரைவர் மட்டும் இல்லை. அதனால் பழைய டிரைவரைக் கூப்பிடுகிறார். ஒரு நிமிஷம், நாலு நிமிஷம், பதினோரு நிமிஷம். ஒருநாள் அவள் திரும்பி வராத அளவுக்கு அந்த நேரம் நீளும்.

"இப்பவே ஆ பூன்கிட்ட போ. டிரைவர் பொம்மைக்குச் சொல்லு. பேரம் பேசின, கொன்னுடுவேன்."

போனான். பொம்மை ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் தயாராகும் என்றான் ஆ பூன். பசை காய வேண்டுமாம்.

நான் பயந்தவனும் இல்லை, நம்பினவனும் இல்லை. கேரண்டி கொடுத்தவன். சனிக்கிழமை மத்தியானம் ஜெலுத்தோங்குக்குப் போய், டாஷ்போர்டுக்கு அடியில் குப்புறப் படுத்து, ரிமோட் அலையைப் பிடிக்கிற பெட்டியையே பிடுங்கி எடுத்து முற்றத்துச் சிமெண்டில் வைத்தேன். காது இல்லாதவனை எவன் கூப்பிட முடியும்? நான்கு கதவின் மோட்டார் ஒயரையும் கழற்றி அதன் பக்கத்தில் போட்டேன். கதவு இனிமேல் கையால்தான் பூட்டும், கையால்தான் திறக்கும். என் தொழிலில் இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை.

மூன்று ஐந்து. கோக் லியாங்கும் வந்திருந்தான். வாயில் சிகரெட், பற்ற வைக்கவில்லை.

"தங்கச்சி, உள்ள உக்காரு" என்றேன். அந்த வார்த்தையை இன்றைக்கும் நாக்கில் வைத்துக் கடிக்கிறேன். "ஆளில்லாம சோதிச்சா சோதனையே இல்ல. நான் சுத்தியலோட இங்கயேதான் நிக்கறேன்."

அவள் தலையணையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள். கதவை நான் சாத்தவில்லை. கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பத்துக்குக் கதவு என் கையை விட்டுப் போய்ச் சாத்திக்கொண்டது. வேகமாக இல்லை. ஒரு நல்ல வேலைக்காரன் முதலாளிக்குச் சாத்துகிற மாதிரி, பதமாக. விளக்கு ஒரு தடவை மின்னியது.

கைப்பிடியை இழுத்தேன். கோக் லியாங் இன்னொரு பக்கம் இழுத்தான். சுத்தியலை ஓங்கிக் கண்ணாடியில் அடித்தேன். சத்தமே வரவில்லை. நனைந்த அட்டையில் அடித்தது போல மெத்தென்று வாங்கிக்கொண்டது. சுத்தியலை எடுத்தபோது கண்ணாடியில் ஒரு பள்ளம் இருந்தது. கண்ணாடியில் பள்ளம் விழுந்து நான் பார்த்ததில்லை. அது மெல்ல நிமிர்ந்து பழையபடி ஆனது.

உள்ளே ஹூய் பிங்கின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. கண் மூடியிருந்தது. முகம் வெளுத்து, மடிப்பே இல்லாமல், இழுத்து ஒட்டியது போல ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு கன்னத்திலும் வட்டமாக இளஞ்சிவப்பு எழுந்தது. ஆ பூன் தன் பொம்மைகளுக்குக் கடைசியாகக் குத்துகிற அதே வட்டம்.

"அப்பா!" என்று கோக் லியாங் பானெட்டில் அடித்தான். "அப்பா, தொறங்க!"

விளக்கு ஒரு தடவை மின்னியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூட்டியிருக்கிற காரை யாரும் மறுபடி பூட்டுவதில்லை. இது பூட்டவில்லை, பதில் சொல்கிறது. ஒன்று என்றால் முடியாது, இரண்டு என்றால் சரி.

கோக் லியாங்கை ஒதுக்கினேன். சியா டெக் சூன் தவுக்கேயோடு துணி வியாபாரியான எங்கள் அப்பா முப்பது வருடம் பேரம் பேசியிருக்கிறார். அந்த மனிதர் விலை சொல்ல மாட்டார். எதிராளி சொல்லச் சொல்லத் தலையை மட்டும் ஆட்டுவார். அப்படிப்பட்டவரோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும், அழுதுகொண்டு பேசக்கூடாது.

"தவுக்கே," என்றேன், "வயிரவன் பேசறேன். சாவிக்கடை. உங்களுக்கு டிரைவர் வேணும், அவ்வளவுதான?"

இரண்டு தடவை.

"நாளைக்கு ஒருத்தன் வர்றான். புதுச் சட்டை, தொப்பி."

ஒன்று.

"ரெண்டு பேரு. ஒருத்தன் பகலுக்கு, ஒருத்தன் ராத்திரிக்கு."

ஒன்று.

"தங்க பட்டன் வெச்சுத் தர்றேம்பா" என்று கோக் லியாங் கத்தினான். "வெலையே கேக்க மாட்டேன்!"

ஒன்று. அதில் ஒரு ஏளனம் இருந்த மாதிரிகூடப் பட்டது.

"பழகின ஆளா வேணும், அப்படித்தான?"

இரண்டு.

"சரி. கோக் லியாங்க எடுத்துக்கறீ..."

நான் முடிக்குமுன் ஒன்று.

"கேட்டு முடிக்கக்கூட விடல பாரு" என்றான் கோக் லியாங். உயிர் பிழைத்த முகம்தான், ஆனால் அதில் ஒரு அடிபட்ட வருத்தமும் இருந்தது.

உள்ளே அவள் புருவம் மை தீட்டியது போலக் கறுத்து வளைந்தது. நேரமில்லை. இந்த முற்றத்தில் அந்தக் காரைத் தெரிந்த ஆள் இன்னும் ஒருவன்தான் பாக்கி.

"அப்ப நான்?"

விளக்கு எரியவில்லை. பதில் சொல்லாதவர் எடை போடுகிறார் என்று அர்த்தம். வெயிலில் நின்ற காரின் பானெட் மேல் கை வைத்தேன். ஐஸ் கட்டி போல இருந்தது. நான் என் முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றேன். ஏன் நிமிர்ந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. சரக்கு நன்றாகத் தெரியட்டும் என்று இருக்கலாம்.

இரண்டு தடவை.

"இருங்க, இருங்க. எங்க ஆபீஸ் வேற, உங்க ஆபீஸ் வேற தவுக்கே. எங்க பக்கத்து ஆளு எருமையில வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

இரண்டு தடவை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற தோரணை.

"வர்றேன். ஆனா இப்ப இல்ல. நாப்பது வருஷம் கழிச்சு."

ஒன்று.

"முப்பத்தஞ்சு."

ஒன்று.

"முப்பது."

ஒன்று.

அவள் விரல்கள் ஒட்டிக்கொண்டு ஒரே துண்டாகிக்கொண்டிருந்தன. இப்படியே நான் மட்டும் இறங்கிக்கொண்டு போனால் நாளைக் காலை ஆறு நாற்பதில் வந்து நிற்பேன். சௌராஸ்தாவில் தாயின் இடுப்பில் இருக்கிற குழந்தைக்கும் தெரிந்த ஒரு வழிதான் மிச்சம் இருந்தது.

சுத்தியலைப் பையில் போட்டேன். "ஒத்து வரலன்னா விடுங்க. எனக்குக் கடை தொறந்து கெடக்கு" என்றேன். திரும்பினேன். நடந்தேன்.

"பாஸ்!" கோக் லியாங் அலறினான். "எங்க போற? பாவி, அவ உள்ள இருக்கா!"

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தோற்றேன். ஐந்து அடி. ஆறு. காதில் என் இரத்தம் ஓடுகிற சத்தம். எட்டு. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என் கடையை விட்டு இப்படி நடந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் காகிதமாகிக்கொண்டிருக்கவில்லை. பத்து. வெளிக்கேட்டில் கை வைத்தேன்.

பின்னால் ஹார்ன் ஒலித்தது. சின்னதாக, ஒரே ஒரு தடவை.

நின்றேன். திரும்பவில்லை. ஒரு தடவை கூப்பிட்டதற்கே திரும்புகிறவனை எவனும் மதிப்பதில்லை. இரண்டாவது ஹார்னுக்குத் திரும்பினேன்.

"இருபத்தஞ்சு வருஷம். கடைசி. அதுவரைக்கும் காயித டிரைவரை வெச்சு ஓட்டிக்கங்க. ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு. தைப்பூசத்துக்கு மூணு நாள் லீவு. இந்தப் பொண்ண இனிமே கூப்பிடக்கூடாது, ஒரு தடவைகூட."

ஜம்பு மரத்து இலை ஒன்று பானெட்டில் விழுந்தது. கோக் லியாங் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

இரண்டு தடவை.

நான்கு கதவும் திறந்தன. கதவு மோட்டாரின் ஒயர்கள் சிமெண்டில் அப்படியே கிடந்தன. ஹூய் பிங்கைத் தூக்கினேன். ஒரு வயது வந்த பெண்ணின் எடை அவளிடம் இல்லை. படியில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, கையைத் தேய்க்கத் தேய்க்கத்தான் கனம் ஏறியது. கன்னத்துச் சிவப்பு சாயங்காலம் வரை போகவில்லை. தலைமுடியில் காகிதம் எரிந்த வாசனை.

"கிளப்பு வாசல் வரைக்கும் போயிட்டேண்ணே" என்றாள். "அப்பா பின்சீட்ல இருந்தாரு. எறங்கு எறங்குன்னு யாரோ சொன்னாங்க. அவரு முகத்தச் சுளிச்சுக்கிட்டாரு, வெலை படியாத மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் குலக்கோயில் திடலில் பொம்மையை எரித்தோம். தங்க பட்டன், வெள்ளைக் கையுறை எல்லாம் இருந்தன. மார்பில் ஒட்டுகிற சீட்டில் பெயர் எழுத ஆ பூன் தூரிகையோடு நின்றான்.

"என்ன பேரு?"

"வயிரவனுக்குப் பதிலான்னு எழுது. தற்காலிகம்னு போடு."

"உயிரோட இருக்கறவன் பேர எழுதக்கூடாதுடா கொக்கு. நாப்பது வருஷமா இந்தத் தொழில் பண்றேன், தற்காலிகம்னு ஒருத்தனும் கேட்டதில்ல. உனக்குப் புத்தி கித்தி..." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். எழுதினான். அதற்குக் காசு வாங்கவில்லை. ஆ பூன் காசு வாங்காததுதான் அன்றைக்கு எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

சாம்பல் ஆறின பிறகு, பிடுங்கியதையெல்லாம் திரும்பப் பொருத்தி ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். ஒரு ரிமோட்.

திங்கட்கிழமை அம்மாக்கள் ஆறு பேரும் பள்ளி வாசலில் கூடி நின்று, மூன்று பத்து ஆகும்வரை காரையே பார்த்தார்களாம். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் ஏறினார்கள். ஹூய் பிங் அன்றைக்கு எனக்கு ஒரு பை நிறைய இறால் கருவாடு கொண்டுவந்தாள்.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. எங்கள் வம்சத்தில் ஆண்கள் எவரும் எழுபதைத் தாண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் நான் நல்ல விலைக்குத்தான் படிய வைத்திருக்கிறேன். அது மட்டுமில்லை. பேரத்தின்போது நான் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இருபத்தாறு வருடமாகக் கார்களைத் திறந்திருக்கிறேனே தவிர, ஒன்றையும் ஓட்டியதில்லை, மோட்டார் சைக்கிள்தான். சரக்கில் இருக்கிற குறையை வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும். அந்த நினைப்பில் இரண்டு மாதம் நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் ஹூய் பிங் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, காரு நல்லாத்தான் ஓடுது. ஆனா தெனம் காலையில பாத்தா சீட்டு பின்னால போயிருக்கு. கடைசி வரைக்கும். பின்னால பாக்கற கண்ணாடியும் மேல தூக்கியிருக்கு. நான்தான் மறுபடி முன்னால இழுக்கறேன். ஸ்பிரிங்கு போயிடுச்சா?"

"ஸ்பிரிங்குதான். வா, பாப்போம்."

தெருவில் நின்ற காரின் கதவைத் திறந்தேன். சீட்டு பின்னால் போயிருந்தது. அவள் இப்போதுதான் அதில் உட்கார்ந்து ஓட்டி வந்தாள். தலையணை பின்சீட்டில், யாரோ மரியாதையாக எடுத்து வைத்த மாதிரி இருந்தது. நான் உள்ளே உட்கார்ந்தேன். முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. கண்ணாடியில் பின்சீட்டு முழுக்கத் தெரிந்தது. என் வலது கால், நான் வைக்காமலே, பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

"அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கேண்ணே உங்களுக்கு" என்று சிரித்த ஹூய் பிங், சிரிப்பை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

பக்கத்து சீட்டில் ஒரு பொருள் இருந்தது. எடுத்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொள்வார்களே, அந்த எல் எழுத்துப் பலகை. மெல்லிய காகிதத்தில் செய்தது. ஓரமெல்லாம் கருகியிருந்தது.

சாயங்காலம் ஆ பூனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், பசையை முகர்ந்து பார்த்தான், மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனான்.

"என் வேலை இல்லடா" என்றான் உள்ளேயிருந்து. "நான் இங்கேருந்து போற சரக்குதான் செய்வேன்."